மகளுக்கு முகாமைத்துவ பீடம் கிடைத்திருக்கிறது: நான்கு ஆண்டுகளைக் கொடுக்கலாமா?

கோண்டாவில் தகப்பன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மூத்த மகள் 2023ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சையை, அது பிந்தி நடந்தபடியால், 2024 ஜனவரியில் வணிகப் பிரிவில் எழுதினாள். கணக்கீட்டிலும் பொருளியலிலும் ஏ, வணிகக் கல்வியில் பி எடுத்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிக நிருவாகப் பட்டத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். 1974இல் வளாகமாகத் தொடங்கிய அந்த இடம் 1979இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. எங்கள் வீட்டில் இன்னமும் அதை வளாகம் என்றுதான் சொல்கிறோம். வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரம்.

அனுமதிக் கடிதத்துக்காகக் காத்திருந்த மாதங்களில் அவள் சும்மா இருக்கவில்லை. பட்டயக் கணக்காளர் பரீட்சையின் முதற்படியில் சில பாடங்களைச் சித்தியடைந்து, நகரிலுள்ள சிறிய கணக்காய்வு அலுவலகமொன்றில் உதவியாளராகப் போய்வருகிறாள். அந்த அலுவலகத்தின் பெரியவர், "பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகளைச் செலவழிக்கும் நேரத்தில் பிள்ளை என்னிடம் பயிலுனராகப் பதிந்தால் கணக்காளராகவே வெளியே வந்துவிடும்" என்கிறார். என் மனைவியோ, தெருவில் எத்தனை பிள்ளைகள் ஒரு புள்ளியின் பின்னத்தால் தவறவிட்ட இடத்தைக் கைக்கு வந்த பின் வேண்டாமென்று சொல்வது பாவம் என்கிறார். கனடாவிலிருக்கும் மைத்துனர், வணிகப் பட்டம் இந்தக் காலத்தில் எவருக்கும் பயன்படாது, கணினித்துறைக்கு மாற்றிவிடுங்கள் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் சொல்கிறார்.

நான் பாடசாலையொன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன். பட்டம் என்றால் மதிப்பு என்று வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன். ஆனால் மகள் இருபத்தொரு வயதைக் கடந்துவிட்டாள். வெளியேறும்போது இருபத்தாறு ஆகிவிடும். அந்த ஆண்டுகளை அவளிடமிருந்து வாங்கிக்கொள்ளும் பட்டம் அவளுக்குத் திருப்பித் தருவது என்ன என்பதைத் தெரிந்தவர்கள் மனம் திறந்து சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.


சுன்னாகத்துக் கடைக்காரர் எழுதியது:

ஐயா, நான் இருபத்தேழு ஆண்டுகளாகக் கட்டடப் பொருட் கடை நடத்துகிறேன். என் தகப்பனார் தெற்கே கடை வைத்திருந்து, 1983இல் எல்லாவற்றையும் இழந்து ஊருக்குத் திரும்பியவர். அவர் எட்டாம் வகுப்புடன் படிப்பை நிறுத்தியவர். ஆனால் யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கொடுத்தால் திரும்பாது என்பதை ஒருவர் கடைப் படியேறும் விதத்திலேயே சொல்லிவிடுவார். அந்த அறிவு எந்த விரிவுரை மண்டபத்திலும் கிடைப்பதாக நான் காணவில்லை.

கடந்த சில ஆண்டுகளில் கணக்குப் பார்ப்பதற்காக முகாமைத்துவப் பட்டதாரிகள் இருவரை நேர்முகம் கண்டேன். இருவரிடமும் எங்கள் காசேட்டையும் வங்கிக் கூற்றையும் கொடுத்து, இரண்டு மீதிகளும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். வங்கிக் கணக்கிணக்கம் என்பது சாதாரண தரத்திலேயே படிப்பிக்கிற விடயம். ஒருவர் அரை மணித்தியாலத்தில் செய்து முடித்தார். அவரை ஒரு மாதத்தில் வங்கியொன்று எடுத்துக்கொண்டது. மற்றவர் உபாய முகாமைத்துவம் பற்றி மிக அழகாகப் பேசினார், ஆனால் மாற்றப்படாத காசோலை, அதாவது கொடுத்தும் வங்கியில் இன்னும் பணமாக்கப்படாத காசோலை, என்றால் என்ன என்று என்னிடம் கேட்டார். நான்கு ஆண்டு படித்த பிள்ளையிடமிருந்து அந்தக் கேள்வி வந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, உண்மையாகவே மனவருத்தமாக இருந்தது. அந்தப் பிள்ளையின் பெற்றோரும் உங்களைப் போலத்தான் பெருமைப்பட்டிருப்பார்கள்.

ஆகையால் நான் சொல்வது இதுதான். வணிகம் செய்யப் பட்டம் தேவையில்லை. கணக்கெழுதக் கணக்கீடு தெரிந்தால் போதும். உங்கள் மகளுக்கு ஏற்கனவே கணக்காய்வு அலுவலகத்தில் இடம் இருக்கும்போது பட்டம் எதைக் கூட்டித் தரும் என்பது எனக்கு விளங்கவில்லை.


பழைய முகாமைத்துவ மாணவி எழுதியது:

சுன்னாகத்து அண்ணா குறிப்பிட்ட இரண்டு பட்டதாரிகளும் ஒரே பீடத்திலிருந்து, ஒருவேளை ஒரே அணியிலிருந்தே வந்திருக்கக்கூடும். இந்த விவாதத்தின் முழுச் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. மருத்துவ பீடத்திலிருந்து வெளியேறும் எவருக்கும் நாடி பிடிக்கத் தெரியாமல் இருக்க முடியாது. முகாமைத்துவ பீடத்திலிருந்தோ, கணக்கீட்டை ஆழமாகக் கற்ற ஒருவரும், ஒவ்வொரு பருவத்திலும் குறிப்புகளை மனனஞ்செய்து கரையேறிய ஒருவரும் ஒரே பட்டமளிப்பு விழாவில் ஒரே அங்கியுடன் இறங்கி வர முடியும். பட்டத்தின் பெயரை மட்டும் வைத்து அதன் பெறுமதியைச் சொல்ல முடியாது என்று நான் நம்புவது இதனால்தான்.

நான் உயர்தரம் வரை தமிழ் மொழி மூலம் படித்தவள். பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடந்தது. முதல் ஆண்டில் எனக்குத் தெரிந்த விடயங்களே எனக்குத் தெரியாதவையாகிவிட்டன. பெறுமானத் தேய்வு என்று பாடசாலையில் நூறு கணக்குச் செய்தவளுக்கு டிப்ரிசியேசன் என்ற சொல் வந்தவுடன் கை நின்றுவிட்டது. விரிவுரையை ஆங்கிலத்தில் கேட்டு, தமிழில் விளங்கி, மறுபடியும் ஆங்கிலத்தில் எழுதி, இரண்டாம் ஆண்டின் நடுப்பகுதியில்தான் அந்த மூன்று படிகளும் ஒன்றாகின. பலர் அந்தக் கட்டத்தைத் தாண்டாமலே நான்கு ஆண்டுகளையும் முடித்தார்கள். ஆங்கிலத்தில் ஒரு கடிதத்தை, ஒரு நிதி அறிக்கையை, ஒரு கடன் ஒப்பந்தத்தை வாசித்து விளங்கும் பழக்கம் எனக்கு அந்த நான்கு ஆண்டுகள் தந்த முதலாவது சொத்து. இதை யாரும் பாடத்திட்டத்தில் எழுதுவதில்லை.

இரண்டாவது சொத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் அணி வெளியேறிய காலம் நல்ல காலம். 2009க்குப் பின் ஏ9 வீதி திறந்து, வங்கிகளும் குத்தகைக் கொம்பனிகளும் போட்டியிட்டுக் கொண்டு யாழ்ப்பாணத்தில் கிளைகளைத் திறந்தன. எனக்கும் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் உடனே வேலை கிடைத்தது. வேலை என்றால், கிராமங்களுக்குப் போய்ப் பெண்களைக் குழுக்களாகச் சேர்த்துக் கடன் கொடுப்பதும், மாதந்தோறும் வசூலிப்பதும். ஒரு இலட்சம் ரூபாய் கடனுக்கு வருடத்துக்கு 24 வீத வட்டி என்று சொல்லித்தான் கொடுப்போம். ஒரு இலட்சத்து இருபத்துநான்காயிரத்தைப் பன்னிரண்டால் பிரித்தால் மாதம் பத்தாயிரத்து முந்நூற்றுச் சொச்சம். கேட்பவர்களுக்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் கடன் பெற்றவர் ஒவ்வொரு மாதமும் முதலையும் சேர்த்துக் குறைத்துக்கொண்டு வரும்போது, நாங்கள் கடைசி மாதம் வரை முழு இலட்சத்துக்கும் வட்டி எடுத்துக்கொண்டிருந்தோம். நிதி முகாமைத்துவப் பாடத்தில் கற்ற முறையில், குறைந்து செல்லும் நிலுவைக்கு ஒரு இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். உண்மையான வட்டி வருடத்துக்கு ஏறக்குறைய 42 வீதமாக வந்தது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை, ஏனென்றால் அடுத்த நாள் நான் போக வேண்டிய வீட்டில் இருந்தவர் போரில் கணவனை இழந்த ஒரு தாய்.

சில மாதங்களில் அந்த வேலையை விட்டுவிட்டேன். 2018இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சத்துக்குட்பட்ட நுண்கடன் பெற்ற பெண்களுக்கு அரசே நிவாரணம் அறிவிக்கும் அளவுக்கு அந்தப் பிரச்சினை பின்னர் பெரிதானதை எல்லோரும் அறிவோம். என்னுடன் வேலை செய்தவர்களில் பலருக்கு அந்தக் கணக்கைப் போடத் தெரியாது. அவர்கள் கெட்டவர்கள் அல்லர், தங்களுக்குச் சொல்லப்பட்டதைச் சொன்னார்கள். எனக்குப் பட்டம் தந்தது அந்தக் கணக்கைப் போடும் திறன். கடன் வாங்கும் சமூகம் ஒன்றுக்கு அந்தத் திறனுள்ள பிள்ளைகள் எவ்வளவு தேவை என்பதைச் சம்பளத்தால் மட்டும் அளக்கக் கூடாது.


கோண்டாவில் தகப்பன் எழுதியது:

மகளே, உங்கள் பதிவை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த வட்டிக் கணக்கைக் கணக்காளர் பரீட்சைக்குப் படித்தும் கற்றிருக்கலாம் அல்லவா? பல்கலைக்கழகம் தவிர வேறெங்கும் கிடைக்காதது எது என்பதுதான் எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.


உயர்தரப் பொருளியல் ஆசிரியர் எழுதியது:

ஐயாவின் கேள்விக்குப் பொருளியலில் இரண்டு பழைய விடைகள் உண்டு. கல்வி மனிதனுக்குள் ஆற்றலைச் சேர்க்கிறது, அதற்காகவே கூலி கூடுகிறது என்பது கேரி பெக்கர் 1964இல் விரிவாக எழுதிய மனித மூலதனக் கருத்து. மைக்கல் ஸ்பென்ஸ் 1973இல் வேறொரு கோணத்தில் கேட்டார். வேலை கொடுப்பவருக்கு விண்ணப்பதாரியின் உள்ளாற்றல் தெரியாது. ஆகவே திறமையுள்ளவருக்கு இலகுவாகவும் மற்றவருக்குக் கடினமாகவும் இருக்கும் ஒரு தடையைத் தாண்டியவர் என்பதற்கான அடையாளமாகப் பட்டம் பயன்படலாம், உள்ளே ஒன்றுமே கற்காவிட்டாலும் அந்த அடையாளத்துக்குக் கூலி கிடைக்கலாம் என்றார். இந்த ஆய்வுக்காகவே அவர் 2001இல் ஜோர்ஜ் அக்கர்லொவ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இலங்கையில் இந்த இரண்டாவது கருத்தை வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. எங்கள் நாட்டில் தடை பல்கலைக்கழகத்துக்குள் இல்லை, வாசலில் இருக்கிறது. இசட் புள்ளியின் (பாடங்களின் கடினத்தைச் சமன்செய்து கணிக்கும் உயர்தரப் புள்ளி) அடிப்படையில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும் 55 வீதம் மாவட்டங்களுக்கும் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் முறையில், உங்கள் மகள் அனுமதிக் கடிதம் பெற்ற அன்றே அந்தத் தடையைத் தாண்டிவிட்டார். அப்படியானால் அவர் உள்ளே இருக்கப்போகும் நான்கு ஆண்டுகள் எதற்காக? அடையாளத்துக்காக மட்டுமே என்றால் அவை வீண். உள்ளே கற்பதற்காக என்றால், எதைக் கற்கிறார் என்பதே எல்லாமும் ஆகிறது. பழைய மாணவி சொன்னதைத்தான் நான் வேறு வழியாகச் சொல்கிறேன்.

வணிகப் பட்டம் மேலோட்டமானது என்ற குற்றச்சாட்டு இன்று நேற்றுத் தோன்றியதல்ல. ஜோசப் வார்ட்டன் என்ற உலோகத் தொழிலதிபர் கொடுத்த நன்கொடையால் 1881இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அமெரிக்காவின் முதலாவது பல்கலைக்கழக மட்ட வணிகக் கல்லூரி தொடங்கியது. அதன் பின் அமெரிக்காவெங்கும் இவ்வாறான கல்லூரிகள் பெருகின. 1959இல் ஃபோர்ட் அறக்கட்டளையும் கார்னகி நிறுவகமும் தனித்தனியே நடத்திய இரு ஆய்வுகளும், வணிகக் கல்லூரிகள் தொழிற் குறிப்புகளைக் கற்பிக்கின்றன, கணிதமும் பொருளியலும் மனித நடத்தை பற்றிய அறிவியலும் போதாமல் இருக்கின்றன என்று ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்தன. அதற்குப் பிறகு அங்கே பாடத்திட்டங்கள் மாறின. ஆனால் மாணவர் தெரிவுசெய்யும் பாதையில் அந்தப் பழைய பிரிவு இன்றும் இருக்கிறது: எண்ணும் பகுப்பாய்வும் நிறைந்த பாடங்கள் ஒரு பக்கம், வரைவிலக்கணங்களும் மாதிரிப் படங்களும் நிறைந்த பாடங்கள் மறுபக்கம். இரண்டாவது பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வரும் பிள்ளைக்குப் பட்டம் மிகக் குறைவாகவே கொடுக்கும் என்பது முப்பது ஆண்டு ஆசிரியத் தொழிலில் நான் கண்ட உண்மை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் வணிகப் பிரிவு என்றால் கணிதமும் உயிரியலும் முடியாத பிள்ளைகள் போகிற இடம் என்ற எண்ணம் வீடுகளில் வேரோடியிருக்கிறது. பதினாறு வயதில் அந்தச் சொல்லைக் கேட்டு என் வகுப்புக்கு வரும் பிள்ளை, தான் இரண்டாந்தரம் என்று நம்பிக்கொண்டே வருகிறது. அந்த நம்பிக்கையைக் கழற்றுவதற்கே எனக்கு ஒரு தவணை போய்விடும். நீங்கள் இந்தக் கேள்வியை மகளுக்கு முன்னால் கேட்கும்போது சொற்களைக் கவனமாகத் தெரியுங்கள்.


கணக்காய்வுப் பயிலுனர் எழுதியது:

ஐயா, உங்கள் மகளின் முன் இருக்கும் இரண்டு பாதைகளில் இரண்டாவதைத் தெரிவுசெய்தவன் நான். ஏழு ஆண்டுகளுக்கு முன் எனக்கு வேறொரு மாவட்டத்துப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது, நேரே பட்டயக் கணக்காளராகலாம் என்று நம்பிப் பதிவு செய்யாமல் விட்டேன்.

பயிற்சியைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மூன்று ஆண்டுப் பயிற்சியில் வன்னியிலுள்ள கூட்டுறவுச் சங்கக் களஞ்சியங்களில் மூடைகளை எண்ணியிருக்கிறேன். ஏட்டில் இருக்கும் இருப்புக்கும் நிலத்தில் இருக்கும் இருப்புக்கும் வித்தியாசம் வரும்போது களஞ்சியப் பொறுப்பாளரின் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கக் கற்றிருக்கிறேன். எந்த வகுப்பறையும் அதைத் தராது. ஆனால் இறுதிப்படிப் பரீட்சையில் மூன்று முறை தவறிவிட்டேன். அந்தப் படியில் தவறுவது அரிதான ஒன்றல்ல. வேலை செய்துகொண்டே, வருட இறுதிக் கணக்காய்வுகள் நெருக்கும் மாதங்களில் படிப்பவர்களுக்கு அது மேலும் கடினம். இன்று எனக்கு இருபத்தெட்டு வயது. முழுக் கணக்காளனும் அல்ல, பட்டதாரியும் அல்ல. வங்கிகளின் முகாமைத்துவப் பயிலுனர் விளம்பரங்களில் பட்டம் கேட்கிறார்கள். இலங்கைக் கணக்காளர் சேவைக்குப் பரீட்சை எழுதவும் தகைமை வேண்டும். நடுவழியில் நின்றால் தாங்கிப்பிடிக்க எனக்கு ஒன்றும் இல்லை.

பட்டம் படிப்பவர் அதே தொழிற் பரீட்சையில் தவறினாலும் பட்டதாரியாக நிற்பார். அதோடு, கணக்கீட்டில் பட்டம் பெற்றவருக்குத் தொழிற் பரீட்சைகளில் சில பாடங்களிலிருந்து விலக்கும் கிடைக்கும். எனவே இரண்டு பாதைகளையும் எதிரெதிராக வைத்துப் பார்க்க வேண்டாம் என்று, தவறிய ஒருவனின் உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.


அபிவிருத்தி உத்தியோகத்தர் எழுதியது:

வெளிவாரியாக வணிகமாணிப் பட்டம் பெற்றவன் என்ற முறையில் என் அனுபவத்தையும் பதிகிறேன். 2017இல் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் இருந்தபோது அவர்களில் நானும் ஒருவன். பட்டம் பெற்றுவிட்டால் அரசு நியமனம் தரும் என்று எங்கள் வீடுகள் நம்பின, நாங்களும் நம்பினோம். 2020இல் பட்டதாரிப் பயிலுனர்களை மாதம் இருபதாயிரம் ரூபாய் கொடுப்பனவுடன் எடுத்தபோதுதான் எனக்கு வழி பிறந்தது. அதற்கிடையில் முப்பதைக் கடந்திருந்தேன்.

நிரந்தர நியமனம் என் குடும்பத்தைக் காப்பாற்றியது. அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் பட்டத்தில் கற்ற கணக்கீட்டை என் மேசையில் நான் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. பொருளாதார நெருக்கடிக்குப் பின் அப்படியான பெருந்தொகை நியமனங்களை நம்பி எந்தப் பிள்ளையும் நான்கு ஆண்டுகளைத் திட்டமிடக் கூடாது. கடதாசிக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பதை அறிய வேண்டுமானால், உயர் தேசிய கணக்கியல் டிப்ளோமா மாணவர்கள் தங்கள் நான்கு ஆண்டுப் படிப்பைப் பட்டத்துக்குச் சமமாக ஏற்கும்படி 2015இல் கொழும்பு வீதியில் இறங்கி அடிவாங்கியதை நினைத்துப் பாருங்கள். அவர்கள் படித்த பாடங்களில் குறையில்லை. பெயரில்தான் குறை இருந்தது.


சுன்னாகத்துக் கடைக்காரர் எழுதியது:

நான் முதலில் எழுதியதை மறுபடி வாசித்தேன். அதில் ஒரு விடயத்தை மறைத்துவிட்டேன் என்று மனம் உறுத்துகிறது, ஆகவே இதை எழுதுகிறேன்.

2022 மார்ச் மாதம் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து ஏறத் தொடங்கி, இரண்டு மாதங்களில் முந்நூற்று அறுபதுக்குப் போனது. அந்த நாட்களில் என் கடையில் விற்பனை அமோகமாக இருந்தது. விலை இன்னும் ஏறும் என்று சனங்கள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். நான் வாங்கிய விலைக்கு மேல் வழமையான இலாபத்தை வைத்து விற்றேன். பெட்டியில் காசு நிறைந்தது. இப்படி ஒரு வியாபாரம் வாழ்நாளில் கண்டதில்லை என்று வீட்டில் சொன்னேன்.

தமையனாரின் மகன், என் பெறாமகன், அப்போது வளாகத்தில் கடைசி ஆண்டு. ஒருநாள் மாலை கடைக்கு வந்து கொள்வனவுக் கொப்பியைப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, நீங்கள் இலாபத்தில் விற்கவில்லை, கடையைத்தான் விற்றுக்கொண்டிருக்கிறீர்கள்" என்றான். எனக்குக் கோபம் வந்தது. அவன் ஒரு கடதாசியில் எழுதிக் காட்டினான். ஒன்று ஆயிரம் ரூபாய்ப்படி வாங்கிய நூறு சாமான்களை ஆயிரத்து இருநூறுபடி விற்றால் கையில் ஒரு இலட்சத்து இருபதினாயிரம். கொப்பியில் இலாபம் இருபதினாயிரம். ஆனால் அதே சாமான் இப்போது மொத்த வியாபாரியிடம் ஆயிரத்து அறுநூறு. அந்த ஒரு இலட்சத்து இருபதினாயிரத்துக்கு எழுபத்தைந்து சாமான்கள்தான் வரும். இருபத்தைந்து சாமான்கள் காற்றில் போய்விட்டன, அதற்கு மேல் நான் இலாபம் என்று நினைத்து வீட்டுச் செலவுக்கும் எடுத்துவிட்டேன். அடுத்த நாளே விலையை மாற்றினோம். அந்தக் கடதாசி இல்லாவிட்டால் ஆண்டு முடிய முன் என் றாக்கைகள் வெறுமையாகியிருக்கும். பக்கத்தில் இரண்டு கடைகளுக்கு அப்படித்தான் நடந்தது. என் தகப்பனாருக்கு மனிதரை அளக்கத் தெரியும். ஆனால் அவர் காலத்தில் விலை ஒரு கிழமையில் இப்படி மாறியதில்லை.

பெறுமதி சேர் வரி விடயத்திலும் அவன்தான் எச்சரித்தான். 2024 ஜனவரியில் வரி 18 வீதமாகியபோது, பதிவு செய்ய வேண்டிய எல்லையையும் ஆண்டுக்கு 80 மில்லியனிலிருந்து 60 மில்லியனாகக் குறைத்தார்கள். காலாண்டுக்கு ஒன்றரைக் கோடி. சீமெந்தும் கம்பியும் விற்கும் கடைக்கு இலாபம் சிறிதென்றாலும் புரள்வு பெரிது. நான் அந்த எல்லைக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறேன் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது.

அவன் இவ்வளவையும் பாடத்தில் கற்றானா, தன் ஆர்வத்தால் கற்றானா என்று கேட்டேன். பாடத்தில் பணவீக்கக் காலக் கணக்கீடு என்று ஒரு சிறிய பகுதி வந்ததாகவும், எங்கள் கடையின் கொப்பியைப் பார்த்தபோதுதான் அது உண்மையில் விளங்கியதாகவும் சொன்னான். பட்டம் எதையும் தராது என்று நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். கடையைக் காணாத பட்டம் எதையும் தராது.


ஸ்காபரோவிலிருந்து ஒரு பழைய மாணவன் எழுதியது:

ஐயாவின் மைத்துனர் சொல்லும் கனடாவைப் பற்றி இரண்டு வார்த்தை. இங்கே தொழில்முறைக் கணக்காளராகப் பதிய ஒரு பட்டம் வேண்டும். நான் பழைய மூன்று ஆண்டுப் பொதுப் பட்டத்துடன் வந்தவன். அதை நான்கு ஆண்டுப் பட்டத்துக்குச் சமமாக ஏற்காதபடியால் முப்பத்தைந்து வயதில், இரவு வேலைக்குப் போய்க்கொண்டே, சில பாடங்களை மறுபடி படிக்க நேர்ந்தது. நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்துடன் வந்த நண்பர்களுக்கு அந்தப் பாதை குறுகியதாக இருந்தது. பிள்ளை வெளிநாடு போகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. போகும் நாள் ஒன்று வந்தால் எல்லைக்கு அப்பால் முதலில் கேட்கப்படுவது பட்டமும் பெறுபேற்று அட்டையும்தான்.

கணினித்துறைக்கு மாற்றிவிடுங்கள் என்பது வேறொருவரின் விருப்பம். கணக்கீட்டில் ஏ எடுத்த பிள்ளையிடம் அதைக் கேட்பது சரியாகாது.


பழைய முகாமைத்துவ மாணவி எழுதியது:

ஐயா என்னிடம் கேட்ட கேள்விக்கு இன்னும் நேரடியாகப் பதில் எழுதவில்லை. பல்கலைக்கழகம் தவிர வேறெங்கும் கிடைக்காதது எது? எனக்கு அது நேரம். பரீட்சைக்கு வராத ஒரு கேள்வியை நூலகத்தில் மூன்று நாள் இருந்து தேடும் நேரம். சட்டமும் புள்ளிவிபரமும் பொருளியலும் தெரிந்த மனிதர்களிடம் ஒரே வளவுக்குள் போய்க் கேட்கும் வசதி. தென்னிலங்கையிலிருந்து வந்து எங்கள் பீடத்தில் படித்த சிங்கள, முஸ்லிம் நண்பர்களுடன் ஒரே ஒப்படையைச் செய்து, இன்றுவரை கொழும்பில் எனக்குத் தொழில்ரீதியாக உதவும் உறவுகளைச் சம்பாதித்ததும் அங்கேதான். தொழிற் பரீட்சை மட்டும் படித்தவர்களுக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை.

சிறப்புத் துறையைத் தெரிவுசெய்யும் கட்டம் வரும்போது, நண்பிகள் எங்கே போகிறார்கள் என்று பார்த்துப் போகாமல் கணக்கீட்டையோ நிதியையோ எடுக்கச் சொல்லுங்கள். சந்தைப்படுத்தலும் மனிதவளமும் பயனற்றவை அல்ல; அவற்றில் வேலைகள் பெரும்பாலும் கொழும்பில் இருக்கின்றன. கணக்கு எழுதத் தெரிந்தவருக்கு யாழ்ப்பாணத்திலேயே வேலை இருக்கிறது. முதல் ஆண்டில் ஆங்கிலத்துக்காக அழ நேர்ந்தால் அழட்டும். எல்லோரும் அழுதோம்.

நாங்கள் எல்லோரும் இவ்வளவு எழுதிவிட்டோம். பிள்ளை என்ன சொல்கிறாள் என்று இன்னும் நீங்கள் எழுதவில்லை.


கோண்டாவில் தகப்பன் எழுதியது:

கேட்டேன். அவள் ஏற்கனவே கணக்குப் போட்டு வைத்திருந்தாள், நான் கேட்கும்வரை காட்டவில்லை. ஒரு கொப்பித் தாளில் இரண்டு நிரல்கள். பட்டத்துக்குக் கட்டணம் இல்லை, வீட்டிலிருந்து போவதால் தங்குமிடச் செலவில்லை, மகாபொல புலமைப்பரிசில் கிடைத்தால் மாதாந்தக் கொடுப்பனவும் வரும். இழப்பது கணக்காய்வு அலுவலகத்தில் கிடைக்கும் சிறிய கொடுப்பனவும், நான்கு ஆண்டு மூப்பும். தொழிற் பரீட்சையைக் கைவிடுவதில்லை, வருடத்துக்கு இரண்டு பாடங்கள் என்று எழுதி, இறுதிப்படியைப் பட்டத்துக்குப் பின் பயிற்சியுடன் சேர்த்து எழுதுவது என்று திகதி போட்டிருக்கிறாள். கணக்காய்வு அலுவலகத்துப் பெரியவரிடம் போய், நான்கு ஆண்டு கழித்து வந்தால் எடுப்பீர்களா என்று அவளே கேட்டிருக்கிறாள். எடுப்பேன் என்று சொன்னாராம். நாளை பதிவுக்குப் போகிறோம்.

பயிலுனர் தம்பியின் பதிவை அவள் இரண்டு முறை வாசித்தாள். தம்பி இறுதிப்படியை மறுபடி எழுத வேண்டும் என்று சொல்லச் சொன்னாள்.

சுன்னாகத்துக் கடைக்காரருக்கு ஒரு வேண்டுகோள். கடையைக் காணாத பட்டம் என்று நீங்கள் எழுதியது அவள் மனதில் பட்டுவிட்டது. கிழமையில் ஒருநாள் உங்கள் கொப்பிகளோடு இருக்க அனுமதிப்பீர்களா? சம்பளம் எதிர்பார்க்கவில்லை.


சுன்னாகத்துக் கடைக்காரர் எழுதியது:

தாராளமாக வரட்டும் ஐயா. ஞாயிற்றுக்கிழமை மதியத்துடன் கடை பூட்டுவோம், அதன் பின் இரண்டு மணித்தியாலம் அமைதியாக இருக்கலாம். பெறாமகன் இப்போது கொழும்பில் வேலை. கடந்த ஆண்டுக் கொள்வனவுப் பற்றுச்சீட்டுகள் மூன்று பெட்டிகளில் அடுக்கப்படாமல் கிடக்கின்றன. போக்குவரத்துச் செலவும் சாப்பாடும் நான் பார்த்துக்கொள்வேன், சம்பளம் எவ்வளவு என்பதை முதலாவது பெட்டி முடிந்த பின் அவளிடமே பேசுகிறேன். வரும்போது தன் மூக்குக்குத் துணி ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள், சீமெந்துத் தூசு அதிகம்.